வேலூர் கண்ட விடை: பிமல் குமார் பச்சாவத்தின் வாழ்வு

ஏற்காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திற்கு 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் மலையின் உச்சியில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. குனிந்து நுழையவேண்டிய அந்தக் குகையினுள் சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். வருஷந்தோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்குச் சுற்றுப்புறத்து மலைக் கிராமங்களிலிருந்தும் கீழேயுள்ள சமவெளியிலிருந்தும் ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். இத்தகைய கோயில்கள் எல்லாவற்றிலும், திருவிழாக் கூட்டத்தின் நடுவே, ஒரு காட்சியை நாம் காணலாம். நடக்க வேண்டிய வயதில் நடக்காத குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு தகப்பன் படியேறி வருவான். பின்னால் தாய் தலைகுனிந்து வருவாள்.

அந்தக் குழந்தை பிறந்தபோது குறையொன்றும் இல்லை. தவழ்ந்தது, எழுந்து நின்றது, இரண்டொரு சொல்லும் பேசியது. ஒன்றரை, இரண்டு வயதில் கால் தடுமாறத் தொடங்கிற்று. பின்னர் நடை போயிற்று, பேச்சுப் போயிற்று, விழுங்கும் சக்தியும் போயிற்று. சில வருஷங்களில் உயிரும் போய்விடும். குலதெய்வத்தின் குற்றம் என்பார் சிலர். மருமகள் வந்த வேளை என்பார் வேறு சிலர். முதற் குழந்தையைப் போலவே இரண்டாவது குழந்தையும் விழுந்துவிட்டால், அந்தத் தாய் ஊராரின் முகத்தில் விழிக்க முடியாது. மருந்தில்லாத வியாதி கொடியது. காரணம் தெரியாத வியாதியோ அதனினும் கொடியது. ஏனெனில், காரணம் தெரியாதவிடத்தில் குற்றமற்றவர் மேல் பழி ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வகை வியாதிகளில் ஒன்றின் காரணத்தைக் கண்டறிந்த வேலையில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நம்மவரில் அநேகர் அறியார். சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, கோட்டைக்கும் வெயிலுக்கும் பேர்போன வேலூரில் அந்த வேலை நடந்தது. அதை நடத்தியவர் பிமல் குமார் பச்சாவத் என்னும் ஜீவ ரசாயன விஞ்ஞானி. அவர் பிறப்பால் தமிழரல்லர். ஆயினும் அவருடைய ஆயுளின் சிறந்த வருஷங்களில் பல இம்மண்ணில் கழிந்தன. அவர் வாழ்வை அறிந்துகொள்வது நமக்குக் கடமை, பயனும் உண்டு.

பச்சாவத் 1925-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய இளமை வங்காளத்திற்கு மிகவும் துயரமான காலத்தோடு ஒன்றி நின்றது. அவர் பதினெட்டு வயதை எட்டிய 1943-ல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அவர் இருபத்தொரு வயதை எட்டிய 1946 ஆகஸ்டில் கல்கத்தா வீதிகளில் ரத்தம் ஓடிற்று. மறுவருஷம் தேசம் விடுதலை பெற்றது. வங்காளம் இரண்டாகப் பிளந்தது. இத்தகைய காலத்தில் வளர்ந்த வாலிபர்களில் பலர் அரசியலில் இறங்கினர். வேறு சிலர், விடுதலை பெற்ற தேசத்திற்கு விஞ்ஞானம் வேண்டும் என்று கருதி ஆராய்ச்சி சாலைகளை நாடினர். பச்சாவத் நாடியதும் ஆராய்ச்சியையே. அதன் பொருட்டு அவர் அமெரிக்கா சென்றார்.

அங்கே மைனர் கூன் என்னும் ஜீவ ரசாயன அறிஞருடன் சேர்ந்து அவர் செய்த வேலை, இளம் வயதிலேயே அவர் பெயரை உலகறியச் செய்தது. நாம் உண்ணும் கொழுப்பும் புரதமும் உடலுக்குள் பல படிகளில் உடைந்து மாறுகின்றன. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்தி வைக்கிறது. நொதி என்பது ஒரு புரதம். தான் தேயாமலே பிற பொருள்களை மாற்றவல்லது அது. ஹைட்ராக்சி மெதில் குளூடரில் கோஎன்ஸைம் ஏ என்ற நீண்ட பெயருடைய பொருளை இரண்டாக வெட்டும் நொதியைப் பச்சாவத்தும் அவருடைய தோழர்களும் 1955-ல் விவரித்தார்கள். பட்டினி நேரும்போது மூளைக்கும் தசைகளுக்கும் மாற்று எரிபொருளை உடல் எவ்வாறு சமைத்துக் கொடுக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. அந்நாளில் இது சாஸ்திரக் கூடங்களுக்கு மட்டும் உரிய செய்தியாகவே தோன்றியிருக்கும். ஆனால் இருபத்தோரு வருஷம் கழித்து, 1976-ல், இதே நொதி இல்லாமல் பிறந்த குழந்தையை வைத்தியர்கள் கண்டார்கள். அப்போது, குழந்தைக்கு வந்த ஆபத்து இன்னதென்று சொல்ல வழி முன்னமே திறந்திருந்தது. பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியை ஏளனம் செய்வோர் இதை நினைவில் வைப்பது நலம்.

இவ்வளவு பெயர் பெற்ற இளைஞர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். சம்பளமும், கருவிகளும், சர்வகலாசாலைகளின் வரவேற்பும் அங்கே உண்டு. பச்சாவத் தாய்நாடு திரும்பினார். திரும்பியவர், ஐம்பதுகள் முடியுமுன்னரே, டில்லியையோ பம்பாயையோ நாடாமல், ஒரு ஜில்லாத் தலைநகராகிய வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

வேலூருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்திய சேவை, அதற்குள் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே மூளை, நரம்பு வைத்தியத்திற்கென ஒரு பகுதியை நிறுவினார். இந்தியாவில் இதுவே இத்துறையில் முதலாவது. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த சாண்டி, கத்தியால் அறுப்பதோடு வைத்தியனின் வேலை முடிந்துவிடுவதில்லை என்று அறிந்தவர். மூளையின் ரசாயனத்தை ஆராயும் கூடம் ஒன்று நோயாளிகளின் படுக்கைகளுக்கு அருகிலேயே இருக்கவேண்டும் என்பது அத்துறையின் நோக்கமாயிற்று. அவ்வாறு அமைந்த நரம்பு ரசாயனக் கூடத்தைப் பச்சாவத் கட்டி வளர்த்தார். வைத்தியப் பட்டம் பெறாத ரசாயனி ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு, நோயாளியின் மூளைத் திசுவைச் சோதனைக் குழாயில் இட்டுக் கேள்வி கேட்பது, அந்நாளில் நம் நாட்டுக்குப் புதுமை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் தலையாயது, மேலே நாம் சொன்ன குழந்தையின் வியாதியைப் பற்றியது. மெடாக்ரோமாடிக் லூகோடிஸ்ட்ரோஃபி என்பது அதன் பெயர். நிறம் மாற்றும் வெண்மூளை நலிவு என்று தமிழில் சொல்லலாம். இறந்த நோயாளியின் மூளைச் சீவலில் சாயம் ஏற்றிப் பார்த்தால், சில இடங்களில் சாயம் தன் இயற்கை நிறத்தை விட்டு வேறு நிறம் காட்டும். அதனாலேயே இப்பெயர். அவ்விடங்களில் குவிந்து கிடப்பது சல்ஃபடைட் என்னும், கந்தகம் கலந்த ஒரு கொழுப்பு என்று 1958-ஐ ஒட்டி மேனாட்டார் கண்டார்கள். இந்தக் கொழுப்பு நஞ்சு அன்று. மின்சாரக் கம்பிக்கு மேல் உறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கு மேலுள்ள மையலின் உறையில், இது எல்லோருக்கும் அளவோடு இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சேரும்போது உறை அழிகிறது, நரம்பு செயலறுகிறது.

ஏன் சேருகிறது? ஏரிப் பாசனம் அறிந்த நம் ஜனங்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஏரியில் தண்ணீர் கரை மீறி நிற்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்றாயிருக்கும். வரத்துக் கால்வாயில் வெள்ளம் மிகுந்திருக்க வேண்டும். இல்லையேல், தண்ணீர் வெளியேறும் மதகு அடைபட்டிருக்க வேண்டும். மூளை இக்கொழுப்பை அளவுக்கு மீறி உண்டாக்குகிறதா, அல்லது உண்டானதை உடைத்து வெளியேற்ற முடியாமல் தவிக்கிறதா? பச்சாவத்தின் கூடம் இரண்டு வழிகளையும் ஆராய்ந்தது. கந்தகம் இக்கொழுப்பில் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். எந்த நொதி அதைப் பிரிக்கிறது என்பதையும் பார்த்தார்கள்.

இந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நொதிகள் வெப்பம் பொறுக்காதவை. மூளைத் திசுவைக் குளிர் கெடாமல் அரைத்து, சுழல் எந்திரத்தில் இட்டுச் சுழற்றி, உப்புக்களால் படியவைத்து, படிந்ததை மீண்டும் கரைத்து, ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். இதை வேலூரின் சித்திரை வெயிலில் செய்தார்கள். ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும் பச்சாவத்தும் மனித மூளையிலிருந்து ஆரில்சல்ஃபடேஸ் என்னும் நொதியைச் சுத்தி செய்து, அதன் குணங்களை 1963-ல் வெளியிட்டார்கள். இந்த நொதியின் வேலையை அளக்கும் முறை எளியது. கந்தகம் சேர்ந்த ஒரு பொருளை அதற்குக் கொடுத்தால், நொதி அதை வெட்டும். பின்பு காரம் சேர்த்தவுடன் குழாயில் சிவப்பு நிறம் தோன்றும். நொதி இல்லையேல் சிவப்பும் இல்லை.

அதே 1963-ல் அமெரிக்க நரம்பு வைத்தியர் ஜேம்ஸ் ஆஸ்டினும் வேலூர்க் கூடத்தாரும் சேர்ந்து, கொழுப்புச் சேரும் மூன்று வியாதிகளில் நொதிகளின் நிலையை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஸ்டினின் பெயரை அடுத்துப் பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு, பச்சாவத் என ஐந்து பெயர்கள் அதில் நிற்கின்றன. அந்த வருஷத்து ஆராய்ச்சிகளால் உலகம் அறிந்த உண்மை இது: வெண்மூளை நலிவு கண்ட குழந்தைகளிடம் ஆரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி குன்றியிருக்கிறது. அடைபட்டது மதகுதான். சல்ஃபடைட்டிலிருந்து கந்தகத்தைப் பிரிப்பது இந்த நொதியின் வேலையே என்பதைப் பின்வந்த வருஷங்களில் ஜெர்மனியில் நடந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின.

இவ்வுண்மையின் முழுப் பொருளையும் உணர, பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்தியான் டி டுவ் என்பாரின் கண்டுபிடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் உடலின் ஒவ்வொரு ஜீவ அணுவுக்குள்ளும் சிறு பைகள் பல உள்ளன. தேய்ந்த பொருள்களை உடைத்து மறுபடியும் பயன்படச் செய்வது அவற்றின் வேலை என்று 1955-ல் அவர் கண்டார். லைசோசோம் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இதற்காக 1974-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆரில்சல்ஃபடேஸ் ஏ இந்தப் பைக்குள் இருந்து வேலை செய்யும் நொதி. பையிலுள்ள நொதிகளில் ஏதேனும் ஒன்று இல்லாவிடின், அது உடைக்க வேண்டிய பொருள் தேங்கும். இப்படித் தேங்கும் வியாதிகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டிருக்கின்றன. தனித்தனியே இவை அபூர்வமானவை. சேர்த்து எண்ணினால் அபூர்வமல்ல.

இவற்றில் பெரும்பாலானவை பரம்பரையில் மறைந்து வருபவை. தந்தையும் தாயும் தலைக்கு ஒரு பழுதான பிரதியைச் சுமந்திருப்பர். இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பர். இருவரிடமிருந்தும் பழுதையே பெறும் குழந்தைதான் நோயுறும். ஒவ்வொரு பிரசவத்திலும் இது நேரும் வாய்ப்பு நாலில் ஒன்று. இதில் தாயின் குற்றம் எங்கே? வந்த வேளையின் குற்றம் எங்கே? தந்தைக்கும் தாய்க்கும் சரிபாதிப் பங்கு. ஆனால், நெருங்கிய ரத்த உறவில் மணந்தோர் ஒரே மூதாதையின் பழுதை இருவரும் பெற்றிருக்க இடம் அதிகம். இந்தியாவில் இவ்வகை மணம் மிகுந்த பிரதேசங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது. அக்காள் மகளை மணப்பதும் மாமன் மகளை மணப்பதும் உரிமை என்று கொண்டாடும் நாம் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும். உறவில் மணந்தோர் எல்லோருக்கும் இது நேரும் என்பதில்லை. உறவல்லாதார் வீட்டில் நேராது என்பதும் இல்லை. ஆனால் ஒரு குழந்தையை இவ்வாறு இழந்த குடும்பம், அடுத்த கர்ப்பத்தின்போது வைத்தியரிடம் சென்று சோதித்து அறிய இன்று வழி இருக்கிறது. நொதியின் பெயர் தெரிந்திராவிட்டால் அந்த வழி திறந்திருக்குமா?

பச்சாவத்தின் வேலை இதனோடு நிற்கவில்லை. 1962-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு வைத்திய விஞ்ஞானத்திற்காக அவருக்கு அளிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் பல வருஷங்கள் அவர் வேலூரிலேயே உழைத்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத குறையை அவருடைய கூடம் தன் யுக்தியால் வென்ற விதம் நம் கவனத்திற்குரியது. லைசோசோமின் நொதிகள் மேல் சர்க்கரைக் கிளைகளைத் தாங்கிய புரதங்கள். வாளவரை விதையிலுள்ள ஒரு புரதம் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதைக் கொண்டு, கோழி மூளையிலிருந்து எடுத்த ஆரில்சல்ஃபடேஸ் நொதியை நிலையாகப் பிணைத்து வைக்கும் முறையை 1973-ல் அவர்கள் வெளியிட்டார்கள். ஆமணக்கு விதையிலுள்ள புரதங்களைப் பிரித்தெடுக்கக் கொத்தவரை விதைப் பிசினைப் பயன்படுத்தினார்கள். நம் தோட்டத்தில் விளையும் அவரையும் ஆமணக்கும் கொத்தவரையும் உலகத் தரமுள்ள ஆராய்ச்சிக்கு உபகரணங்களாயின. இறக்குமதி உரிமம் வரும்வரை கைகட்டி நிற்பதே விஞ்ஞானம் என்று அவர்கள் கருதவில்லை.

ஆளை உருவாக்குவது கருவியைச் செய்வதினும் கடினம். அதையும் பச்சாவத் செய்தார். பாலசுப்பிரமணியன் அதே வேலூர்க் கூடத்தில் லைசோசோம் நொதிகளைப் பற்றிய ஆராய்ச்சியை நெடுங்காலம் தொடர்ந்தார். பட்டாபிராமன் மணிப்பால் மருத்துவக் கல்லூரியில் ஜீவ ரசாயனம் போதித்தார். பச்சாவத்திடம் வேலூரில் பயின்ற அவதேஷ சுரோலியா பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராகி, டில்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் ஸ்தாபனத்தின் தலைமையையும் ஏற்றார். ஒரு ஜில்லா நகரத்துக் கூடம் தேசத்தின் பெரிய ஸ்தாபனங்களுக்கு ஆட்களை அளித்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் பச்சாவத் தம் பிறந்த ஊராகிய கல்கத்தாவுக்குச் சென்று, அங்கிருந்த சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் டைரக்டரானார். 1982-ல் அது இந்திய ஜீவ ரசாயன ஸ்தாபனம் என்று புதுப் பெயர் பெற்றது. இக்காலத்தில் அவர் மனம் வேறொரு கேள்வியில் ஆழ்ந்தது. இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் ரத்தத்தில் விட்ட மருந்து, வேண்டிய உறுப்புக்கு வேண்டிய அளவில் போய்ச் சேருவது எளிதன்று. கொழுப்பால் ஆன மிகச் சிறிய குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து, குமிழியின் மேல் ஒரு சர்க்கரையை முகவரிபோல் ஒட்டிவிட்டால், அந்தச் சர்க்கரையை அறிந்த உறுப்பு அதை வாங்கிக்கொள்ளும் என்பதை அவரும் மாணவர்களும் பரிசோதித்துக் காட்டினார்கள். கேலக்டோஸ் என்னும் சர்க்கரையின் முத்திரை குமிழியைக் கல்லீரல் அணுவிடம் கொண்டு சேர்த்தது.

பின்னர் டில்லி சர்வகலாசாலையின் தெற்கு வளாகத்தில் பேராசிரியராக இருந்தபோது, இந்தக் குமிழி வித்தை நோயாளிகளுக்கு நேரே பயன் தந்தது. ஆம்ஃபோடெரிசின் என்பது உடலுக்குள் பரவும் பூஞ்சை நோய்களுக்கும் காலா அஜார் என்னும் கருங்காய்ச்சலுக்கும் கைகண்ட மருந்து. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது. குமிழிக்குள் வைத்துக் கொடுத்தால் கேடு வெகுவாகக் குறைகிறது. அந்நிய நாட்டுச் சரக்கோ நம் ஏழைகளுக்கு எட்டாத விலை. பச்சாவத்தின் குழுவினர் பம்பாய் வைத்தியர்களோடு கூடி இம்மருந்தை இந்தியாவிலேயே உருவாக்கினார்கள். ஃபங்கிசோம் என்ற பெயருடன் அது நோயாளிகளை அடைந்தது. 1990-ல் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1996-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி, எழுபத்தொன்றாம் வயதில், அவர் காலமானார்.

அவர் மறைந்த பின்னரும் அவர் தொடங்கிய கதை நடந்துகொண்டிருக்கிறது. வெண்மூளை நலிவுக்கு இன்று ஒரு சிகிச்சை உண்டு. குழந்தையின் எலும்பு மஜ்ஜை அணுக்களை எடுத்து, இல்லாத நொதிக்குரிய மரபுச் செய்தியை அவற்றில் புகுத்தி, மீண்டும் உடலில் விடுகிறார்கள். நோய்க்குறி தோன்றுமுன் அல்லது தோன்றிய ஆரம்பத்திலேயே செய்தால், குழந்தை நடக்கும்; பேசும். 2020-ல் ஐரோப்பாவும் 2024-ல் அமெரிக்காவும் இதற்கு அனுமதி தந்தன. அமெரிக்காவில் அதற்கு இட்ட விலை ஒரு குழந்தைக்கு 42½ லட்சம் டாலர். நம் பணத்தில் முப்பத்தைந்து கோடி ரூபாய்க்கு மேல். அபூர்வ வியாதிகளுக்கென நம் சர்க்கார் 2021-ல் ஒரு கொள்கை வகுத்து, மறுவருஷம் உதவித் தொகையின் உச்சத்தை 50 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உதவி வரவேற்கத்தக்கதே. ஆனால் ஐம்பது லட்சத்திற்கும் முப்பத்தைந்து கோடிக்கும் இடையேயுள்ள பள்ளத்தை எந்தத் தகப்பன் தாண்டுவான்?

இந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் வழியைப் பச்சாவத்தின் வாழ்வே காட்டுகிறது. வியாதியின் காரணத்தைக் கண்டதில் வேலூருக்குப் பங்குண்டு. எட்டாத விலையுள்ள குமிழி மருந்தை நாமே செய்துகொண்டதும் உண்டு. அறிவில் பங்குகொண்ட தேசம் சிகிச்சையை மட்டும் அந்நியர் சொல்லும் விலைக்கு வாங்கி நிற்பது முறையாகுமா? சிகிச்சையை நம் நாட்டிலேயே உருவாக்கும் ஆராய்ச்சிக்குச் சர்க்காரும் செல்வரும் பொருள் உதவ வேண்டும். நோய்க்குறி தோன்றுமுன் கண்டுபிடிக்கும் சோதனை ஜில்லா ஆஸ்பத்திரிகளை எட்ட வேண்டும். பொதுத் தொண்டர்கள், கிராமந்தோறும் செல்லும்போது, தாயின் மேல் ஏறிய பழியை இறக்கிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குப் பணம் தேவையில்லை. உண்மையை எடுத்துச் சொல்லும் வாய் ஒன்று போதும்.

அடுத்த மே மாதமும் சேர்வராயன் கோயிலுக்கு ஜனங்கள் ஏறுவார்கள். நலிந்த குழந்தையைச் சுமந்து வரும் தகப்பன் தன் தெய்வத்தின் முன் நிற்கட்டும். அது அவனுக்கு ஆறுதல். மலையிறங்கி வரும்போது, குழந்தையின் வியாதிக்கு ஒரு பெயர் உண்டு, காரணம் உண்டு, அதில் யார் குற்றமும் இல்லை என்று அவனுக்கும் அவன் மனைவிக்கும் சொல்ல ஒருவர் காத்திருக்க வேண்டும். பச்சாவத்தும் அவருடைய வேலூர்த் தோழர்களும் அந்தச் செய்தியை 1963-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். கொண்டு சேர்ப்பது நம் கடன்.